ஞானதுரை வெட்டிய கம்பி

ஞானதுரை இறந்துபோனார் என்று அவர் மகள் கைப்பேசியில் சொன்னபோது, நான் என் விமானத்து எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம். ஞாயிறு காலை முதல்முறையாகப் பறப்பதாக இருந்தேன். இந்தச் சேதி வருவதற்கு முந்தின நாள்தான் அவர் வந்து, நான் கட்டியிருந்த கம்பியை வெட்டிப்போட்டு, "இறுக்கம் பத்தாதுவே. நாளைக்கு வந்து நானே கட்டுதேன், நீரு கை வைக்காதயும்" என்றார். வரவில்லை. சொன்ன சொல் காப்பாற்றாத மனிதர்.

பாளையங்கோட்டையில் அடக்க ஆராதனைக்கு வந்த நீங்கள் எல்லாரும் அவரைத் தங்கமானவர் என்றீர்கள். நீங்கள் கட்டிய எதையாவது அவர் வெட்டியிருந்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். விமானப்படையில் எஞ்சின் பழுது பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு அகப்பட்டவன் நான். நாங்குநேரிப் பக்கம் கொட்டகை போட்டு, ஓராள் உட்காரும் விமானத்தை நானே கட்டினேன். எஞ்சின் அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட் ஒன்று உண்டு. அதிர்வில் அது கழன்றால் எண்ணெய் கொட்டி, எஞ்சின் வானத்திலேயே இறுகி நின்றுவிடும். அதனால் போல்ட் தலையில் கம்பி கோத்து முறுக்கி, இறுகும் பக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும். நான் கட்டினால் வெட்டுவார். "என்னவே இது, ஆட்டுக்குட்டியவா கட்டியிருக்கீரு?"

போன ஆயுத பூசையன்று என் மனைவி எஞ்சின் முழுக்கக் குங்குமம் வைத்தாள். மறுநாள் வந்தவர் மண்ணெண்ணெய்த் துணியால் போல்ட்டைத் துடைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, சாமி குங்குமம்லா!" என்று அழுதாள் அவள்.

"உம்ம கோயில்ல வந்து நான் மெழுகுவத்திய ஊதி அணைச்சேனாவே?" என்றேன்.

"நான் சிவப்புப் பெயிண்டுல கோடு போட்டிருந்தேன்லா? அதுக்கு மேல பொட்டு வச்சா எதைவே பாக்க? இப்பம் குனிஞ்சு பாரும்" என்றார்.

போல்ட்டையும் எஞ்சினையும் சேர்த்து அவர் இழுத்திருந்த ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. தரையில் ஓட்டிப் பார்த்ததிலேயே போல்ட் திரும்பியிருந்தது. அவர் இல்லாத நேரம் பார்த்து நான் கட்டிய கம்பி, அதைக் கழலும் பக்கமாக இழுத்திருந்தது. எப்போதும் அவர் சொன்னதே சரியாக இருக்கும். அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அதுதான்.

அடக்கம் முடிந்து வந்து நானே கட்டினேன். இறுகும் பக்கமாக. சிவப்புக் கோடும் போட்டேன். மனைவி குங்குமத்தை இறக்கையில் வைத்தாள். வெட்ட ஆள் வருமா என்று கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தேன்.

ஞாயிறு பறந்தேன். இறங்கியதும், கை தட்டியவர்களை விட்டுவிட்டு எஞ்சினுக்கு அடியில் குனிந்தேன். கோடு ஒன்றாகவே இருந்தது. இனி ஒவ்வொரு தடவையும் குனிந்தாக வேண்டும். அந்த மனிதர் எனக்கு விட்டுப்போனது இந்த இடுப்புவலிதான். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.