போலந்துக்காரரும் என் மனைவியின் கொழுந்துப் பையும்

என் மனைவி இன்னொரு ஆம்பிளையை மெச்சத் தொடங்கியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த ஆள் செத்தே பல காலமாகிவிட்டது. அதனால் போய்ச் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

பண்டாரவளை டவுனில் அவள் வாங்கிவந்த பழைய தமிழ்ப் புத்தகத்துக்குள் அவர் இருந்தார். போலந்தில் ஒரு யூதத் தையற்காரரின் மகன். அப்பா ஜெபாலயத்துக்குக் கூப்பிட்டால் இவர் கம்யூனிஸ்ட் கூட்டத்துக்குப் போவார். ரொட்டிக் கூடையின் அடியில் நோட்டீசுகளை ஒளித்துக்கொண்டு, பொலிஸ்காரனுக்கே வணக்கம் சொல்லி நடப்பார். பிடிபட்டு அடிவாங்கியும் ஒரு தோழரைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

"மனுசன்னா இப்படி இருக்கணும்ங்க," என்றாள், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவனாகிய என்னை ஏறெடுத்தும் பார்க்காமல்.

எனக்கு வயிறு எரிந்தது. 'கொழுந்து எடையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிக்காதே' என்று நான் அடித்துவைத்த நோட்டீசுகள் வீட்டில் கிடந்தன. கோயில் சுவரில் ஒட்டினால் யாரும் தடுக்கப்போவதில்லை. அதில் என்ன வீரம்? காலையில் அவள் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலையைக் கேட்டு வாங்கக் கிளம்புமுன், அவற்றை அவளுடைய கொழுந்துப் பையின் அடியில் பரப்பி, சாக்குத் துண்டால் மூடினேன். தேத்தண்ணி நேரத்தில் அவள் கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய், எல்லார் முன்னாலும் உருவி எடுப்பதாகத் திட்டம்.

போனேன். தோட்டத் துரையின் ஜீப் வந்தது. என் கால்கள் என்னைக் கேட்காமலே ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டன. ஜீப் போன பிறகும் எழும்பவில்லை. கொழுந்து நிறுக்கும் நேரம் வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை அவளுடைய பையைத் தராசில் மாட்டினார். முள் வழக்கத்தைவிடக் கூடக் காட்டியது. "என்னாம்மா, இன்னைக்கு ரெண்டு கை கூட மொளைச்சிருச்சா?" என்று கொட்டிப் பார்த்தார். கொழுந்தோடு நோட்டீசுகளும் விழுந்தன.

"யாரு வச்சது?"

செடிக்குப் பின்னால் நான் இன்னும் தாழக் குனிந்தேன். அவள் ஒன்றை எடுத்து வாசித்தாள்.

"நான்தாங்க. எழுதியிருக்கது சரிதானே? நேத்து எம்புட்டுக் கழிச்சீங்க?"

"ஆமாங்க, சொல்லுங்க!" என்று மற்றப் பெண்களும் நெருங்கினார்கள். அன்று கணக்கப்பிள்ளை ஒரு கிலோவும் கழிக்கவில்லை.

நான் எழுந்து, கையை உயர்த்தி, "நான்தான் வச்சேன்!" என்று கத்தியபோது எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும். கைய எறக்குங்க," என்றாள். "பையத் தூக்கிட்டு வாங்க."

பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். என் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. லயத்து வீடுகள் வரைக்கும் போலந்துக்காரரின் கதைதான்.

"அக்கா, அவரு படம் இருக்கா?" என்றாள் ஒருத்தி.

"இருக்கு. நாளைக்கு மலைக்குக் கொண்டாறேன்."