ஃபாரத்தில் எழுதிய உயரம்

சைக்கிள் கண்காட்சிக்குக் கிளம்பிய அன்று, என் கணவர் கண்ணாடி முன் நின்று முடியை மேலே தூக்கிச் சீவி முடிப்பதற்குள், நான் இரண்டு சைக்கிளையும் காருக்குப் பின்னால் கட்டிவிட்டுத் தோசையும் சுட்டுத் தின்றுவிட்டேன். அந்த முடியால் அவருக்கு ஓர் அங்குலம் கூடும். தடித்த அடி வைத்த சப்பாத்தால் இன்னோர் அங்குலம். மிச்சத்தை நெஞ்சை நிமிர்த்திச் சமாளித்துவிடுவார்.

நான் அவருக்கு நேர் எதிர். தட்டைச் செருப்பு, லேசான கூன். கல்யாணமாகி இருபத்தேழு வருடமாக இப்படித்தான் நடக்கிறேன்.

இதற்கெல்லாம் காரணம் லாபிஸ் ஊரில் இருந்த ஒரு கல்யாணத் தரகர். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அந்த மனிதர் ஆயிரத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை. பெண் இவ்வளவு உயரமாக இருந்தால் மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்று, ஃபாரத்தில் என்னை நான்கு அங்குலம் வெட்டி ஐந்தடி இரண்டு என்று எழுதிவிட்டார். மாப்பிள்ளை வீட்டு ஃபாரத்தில் ஐந்தடி ஏழு என்று இருந்தது. மணவறையில் மாலை மாற்றும்போதுதான் பார்த்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றும், அவர் கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோயில் வாசலில் படம் எடுத்தால் அவர் ஒரு படி மேலே ஏறி நிற்பார். வீட்டில் அவர் நின்றால் நான் உட்கார்ந்துவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதையே தினமும் பரிமாறிக்கொண்டோம்.

பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, உலு திராம் வீட்டில் நாங்கள் ஆளுக்கோர் அறையில் ஆளுக்கொரு கைப்பேசியோடு கிடந்தோம். அவருடைய சர்க்கரைக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். கடை முதலாளி தவுக்கே எங்கள் உயரத்தைக் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தரகர் எழுதியதையே ஒப்பித்தோம். தவுக்கே எங்களை மேலும் கீழும் பார்த்தார். வாங்க வந்தவர்களோடு எதற்கு வம்பு என்று, அவருக்குப் பெரிதாக ஒன்றும் எனக்குச் சின்னதாக ஒன்றும் எடுத்துக் கொடுத்தார்.

மூன்று வருடமாக ஞாயிறு காலையில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஓட்டிவிட்டு, டாக்டருக்குத் தெரியாமல் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வருவோம். வாரத்தில் நாங்கள் வாய்விட்டுப் பேசுவது அந்த ஒரு காலையில்தான். ஆனால் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, கை மரத்துப் போனது. எனக்கு முட்டி வலி. தீபாவளி முடிந்ததும் இரண்டையும் விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார். சைக்கிள் போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து போய்விடுமே என்று எனக்குப் பயமாக இருந்தது. கண்காட்சியில் உடம்புக்கு ஏற்றபடி சைக்கிளைச் சரிசெய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் பெயர் கொடுத்தேன். எதையாவது முறுக்குவார்கள் என்று நினைத்தேனே தவிர, எங்களை அளப்பார்கள் என்று தோன்றவில்லை.

ஜொகூர் பாருவில் அந்த மண்டபம் முழுக்க எங்கள் வயசு ஆண்கள், மூச்சுவிட இடம் தராத சட்டைகளில். ஒருவர் ஒரு சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, ஐம்பது கிராம் கூடுதல் என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய வயிற்றில் எத்தனை ஐம்பது கிராம் இருந்தது என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் நான்கு பேர் சங்கிலிக்குப் போடும் எண்ணெயை விரலில் தொட்டு மோந்துகொண்டிருந்தார்கள். என் கணவர் இலவசத் தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரே வரிசையில் மூன்று முறை நின்றார். மூன்றாவது முறை அடையாளம் தெரியாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

சைக்கிள் சரிசெய்யும் இடத்தில் என் மகள் வயசில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். முதலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். என் கணவர் காது கேட்காதவர்போல் கூரையைப் பார்த்தார். அவள் மறுபடியும் சொன்னாள். கழற்றினார். சுவரோடு நிற்க வைத்து, தலைமேல் ஒரு பலகையை வைத்து அழுத்தினாள். காலையெல்லாம் சீவி வளர்த்த முடி அப்படியே படுத்துவிட்டது. அடுத்து கால்களுக்கு நடுவே ஒரு கம்பியை மேலே தூக்கி அளந்தாள். அப்போது அவர் போட்ட முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெரிய திரையில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, நூற்று அறுபத்து நான்கு சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி நாலரை அங்குலம் என்று வந்தது. மெஷினில் கோளாறு என்றார். அவள் பொறுமையாக இன்னொரு தடவை அளந்தாள். மெஷின் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்தது நான். "இவளுக்கு வேணாம்லா, சும்மா கூட வந்தா" என்று அவர் முந்திக்கொண்டார். எனக்கும் ஓடிவிடலாம் போல் இருந்தது. முட்டியைக் கொஞ்சம் மடக்கி நின்றாலும் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மடக்கி நின்றால் சைக்கிளும் மடங்கினவளுக்குத்தான் பொருந்தும். தீபாவளிக்குப் பிறகு ஆளுக்கோர் அறைதான். செருப்பைக் கழற்றினேன். சுவரில் முதுகை ஒட்டி முழுசாக நிமிர்ந்தேன். திரையில் நூற்று அறுபத்து எட்டு.

அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள், சைக்கிள்களைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், இரண்டையும் மாற்றிக்கொண்டால் போதும் என்றாள். இருக்கைகளை எங்களுக்கு ஏற்றபடி வைத்துக் கொடுத்து, வெளியே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னாள்.

கார் நிறுத்தும் இடத்தில் நான் அவருடைய சைக்கிளில் ஏறி மிதித்தேன். கை நீண்டது, முதுகு நீண்டது, முட்டி முனகவில்லை. சந்தோஷத்தில் இரண்டு சுற்று போய்விட்டுத் திரும்பினால், அவர் என் சின்னச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறார். முகம் செத்துப்போயிருந்தது. காலையிலிருந்து மனசுக்குள் கிண்டல் பண்ணியதற்கெல்லாம் சேர்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்னங்க, அப்ப வித்துரலாமா?" என்றேன்.

சின்னச் சைக்கிளில் ஏறினார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அரைச் சுற்றில் என் பக்கத்தில் வந்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார். "நீ காப்பித் தட்டோட வந்தப்ப வாசல் நிலை இடிக்கும்னு குனிஞ்சேல்ல. எங்கம்மா வெக்கம்னாங்க. நான் நிலையப் பாத்தேன்."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சுப் பாத்திருப்பாங்க. உங்கப்பா வேற உசரமான பையனா தேடியிருப்பாரு. அதான் நீ உள்ள போற வரைக்கும் நாற்காலிய விட்டு நான் எந்திரிக்கவே இல்ல."

அன்று என் அப்பா எழுந்து வந்து கை நீட்டியபோதுகூட அவர் உட்கார்ந்தபடிதான் கை கொடுத்தார். அதைத் திமிர் என்று இருபத்தேழு வருடமாக என் தங்கைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.