விருந்தினர் புத்தகத்தில் என் மனைவியின் கையெழுத்து

என் மனைவிக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று இருபது வருடங்களுக்கு மேலாக எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். ஏரியில் கப்பலில் போவோமா என்று யாராவது கேட்டால் போதும். "ஐயோ, அவ வரமாட்டா, அவவுக்குத் தண்ணியைக் கண்டாலே ஏலாது" என்பேன். கேட்டவர்களும் வற்புறுத்த மாட்டார்கள், காரணம் அவர்களுக்குத் தெரியும். ஊரில், யுத்த காலத்தில், கல்யாணமான புதிதில், நாங்கள் இருவரும் ஒரே வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்தவர்கள். எங்களுக்குப் பின்னால் வெளிக்கிட்ட வள்ளம் கரைக்கு வரவில்லை. அப்படி வந்த பெண் தண்ணீருக்குப் பயப்படாமல் வேறென்ன செய்வாள்? அவளிடம் இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைக்கிற மனிதர்களில் நானும் ஒருவன்.

பிறகு நாங்கள் வந்து குடியேறிய இந்த ஐரோப்பிய நாட்டில், ஓல்டன் என்ற ஊரில், அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட் கனூ என்ற சிறு துடுப்புப் படகு விடுகிறவர்களின் சங்கத்தில் இருக்கிறார். ஜூரா மலைகளுக்கு நடுவே, டூ என்ற ஆற்றின் கரையில், அந்தச் சங்கத்துக்கு ஒரு மரக்குடிசை உண்டு. கோடையில் ஒருமுறை அவர் இல்லத்து ஊழியர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார். இவளும் போவாள். திரும்பி வந்து, "ஆத்தங்கரையில கிறில் போட்டம், நல்லா இருந்தது" என்பாள். என்ன இறைச்சி என்று மட்டும் கேட்பேன். ஒரு வருடம் இரண்டு நாள் தங்கி வந்தபோது அவளுடைய உள்ளங்கைகளில் கொப்புளம் இருந்தது. வேலை கூடிவிட்டது என்று நானே முடிவுகட்டி, மருந்துக் களிம்பை எடுத்து நீட்டினேன். பெரிய அக்கறையாம்!

போன வருடம் இலையுதிர் காலத்தில் அந்தக் குடிசையைத் திருத்த வெளிக்கிட்டார்கள். சாமான் தூக்க ஆள் வேண்டுமாம்.

"நீங்களும் போங்கோவன். சனிக்கிழமை சும்மாதானே இருக்கிறீங்கள்" என்றாள் மனைவி.

கிழமை முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவனுக்குச் சனிக்கிழமையும் பெட்டி. முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். வாகனத்தை விட்டு இறங்கிக் காட்டுப் பாதையில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. நான் பாறைப் பக்கமாகவே நடந்தேன்.

அலுமாரியைக் காலி செய்யும்போது விருந்தினர் புத்தகங்கள் வந்தன, ஈரத்தில் உப்பிய தடித்த புத்தகங்கள். படகில் போகிறவர்கள் தவறாமல் எழுத வேண்டிய பத்திகள் அதில் இருந்தன: எத்தனை பேர், எங்கிருந்து, எங்கே போகிறீர்கள். ஆள் திரும்பி வராவிட்டால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிய வேண்டுமே. ஜேர்மன், பிரெஞ்சு, சிறுபிள்ளைகள் கீறிய மீன்கள். அவற்றுக்கு நடுவே தமிழ்.

ஆர் இந்தக் காட்டுக்குள் தமிழில் எழுதியது என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த கணம் அடையாளம் கண்டேன். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் சாமான் சீட்டுகளில் இருக்கிற அதே கையெழுத்து. புத்தகங்களை மேசையில் வைத்து வருடம் வருடமாகத் தேடினேன்.

முதல் வருடம், எங்கே என்ற பத்தியில்: "எங்கும் இல்லை. கரையில் இருந்து பார்த்தேன்."

இரண்டாம் வருடம்: "படகில் ஏறி இருந்தேன். கயிற்றை அவிழ்க்க விடவில்லை."

மூன்றாம் வருடம்: "அடுத்த வளைவு வரை. கண்ணைத் திறந்துகொண்டு."

நான்காம் வருடம்: "மூன்று வளைவு. ஒரு மீன்கொத்தி பார்த்தேன்."

கொப்புளத்தோடு வந்த வருடம் ஐந்தாவது. "மேலிருந்து இங்கு வரை, இரண்டு நாள். முன்னால் இருந்து துடுப்புப் போட்டேன். எனக்கு இனிப் பயம் இல்லை. அவருக்குத்தான் இருக்கிறது. அன்று வள்ளத்தில் என் கையை நசுக்கிப் பிடித்திருந்தவர் அவர். அவரை எப்படி ஏற்றுவது?"

ஹவுஸ்வார்ட் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது, உன் மனைவி என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். நல்ல இடம், நல்ல சூப் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். அவர் சிரித்தார். முன்னிருக்கையில் அவளைப் போல ஒருவர் எங்களிடம் இல்லை, தண்ணீருக்குள் பாறை இருப்பதை எல்லோருக்கும் முதலில் அவள்தான் சொல்லுவாள் என்றார். எனக்குப் பெருமையும் வந்தது, வெட்கமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வது? அலுமாரியைத் தூக்கினேன்.

திரும்பி வரும்போது அந்த வள்ளத்தை நினைத்துப் பார்த்தேன். அவள் எழுதியது சரி. பயந்தது நான்தான். கரைக்கு வந்த பிறகு, பாவம் அவள் பயந்துபோனாள் என்று முதல் ஆளிடம் சொன்னேன், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் ஒருதரம்கூட மறுத்துச் சொல்லவில்லை. என் பயத்தைத் தன்னுடையதாக எல்லோர் முன்னாலும் சுமந்திருக்கிறாள். தன்னுடைய சொந்தப் பயத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வருடம் ஒரு வளைவாகக் கடந்தும் இருக்கிறாள். இவளோடுதான் இத்தனை காலம் ஒரே வீட்டில் சாப்பிட்டு எழும்பியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"புத்தகம் பாத்தன்" என்றேன்.

"ஓம், பாப்பீங்கள் எண்டு தெரியும்."

"அதுக்குத்தானே என்னை அனுப்பினனீர்?"

அவள் தண்ணீரை வடித்தாள். "சாமான் தூக்கவும் ஆள் தேவைதானே."

"ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

பனி போய் ஆற்றில் தண்ணீர் அடங்கிய பிறகு, இந்த வருடம் மே மாதத்தில், இருவரும் போனோம். மிதவைச் சட்டையின் பட்டியை மூச்சு முட்டும்வரை இழுத்துக் கட்டினேன். அவள் படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் காலை வைத்தேன், எடுத்தேன், பிறகும் வைத்தேன். எப்படியோ உட்கார்ந்துவிட்டேன். அவள் முன்னிருக்கையில் ஏறித் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"கயித்தை அவிழ்க்கட்டோ?"

"வேண்டாம். இண்டைக்கு வேண்டாம்."

இரண்டு நாள் ஓடும் ஆற்றில் வந்தவள், கட்டிப்போட்ட படகில் என்னோடு அரை மணி நேரம் இருந்தாள். துடுப்பைத் தண்ணீரில் தொடக்கூட இல்லை. மேல் வளைவில் இருந்து வந்த ஒரு கூட்டம் எங்களைக் கடந்து போனது, அவளை அடையாளம் கண்டு கையசைத்தது. அவளும் கையசைத்தாள், ஏதோ இதுதான் கனூ விடும் முறை என்பது போல.

குடிசையில் புதுப் புத்தகம் வைத்திருந்தார்கள். பேனையை எடுத்து, எத்தனை பேர் என்ற இடத்தில் "இருவர்" என்று எழுதினாள். எங்கே என்ற இடத்தில்: "படகில் ஏறினோம். கயிறு அவிழ்க்கவில்லை."

"ஏன், நான்தான் அவிழ்க்க விடேல்லை எண்டு எழுதுமன். உமக்கென்ன பயம்?" என்றேன்.

அவள் பேனையை மூடினாள்.

"முதல் வருசம் நான் கரையிலதான் நிண்டனான். நீங்கள் முதல் நாளே ஏறிட்டீங்கள்."