வராத கை முதலில்

ரேணிகுண்டா ஸ்டேஷனில் தங்கையை ரயிலேற்றிவிட்டு வெளியே வரும்போது போன் அடித்தது. சித்தூர் முதியோர் இல்லத்தில் ஞானம் டீச்சரைப் பார்த்துக்கொண்ட லட்சுமி. "டீச்சரு விடிகாலைல போய்ட்டாங்க மேடம். தூக்கத்துலயேதான்," என்றாள்.  அடுத்து அவளே கேட்டாள்: "எத உடுத்தறதுன்னு சொல்லுங்க. சர்ச்சு சபை அம்மாங்க பட்டுப்புடவை எடுத்துக்கினு வந்துட்டாங்க." நான் வரும்வரை எதையும் உடுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சித்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

டீச்சரிடம் உயிரியல் படித்தவர்களும், என்னைப் போல் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் மடிப்புக் கலையாமல் குத்திய பின். அதுதானே டீச்சர்? கடைசி வருடங்களில் அவரைப் பார்க்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு அவராகவே கேட்டுத்தான் அந்த இல்லத்துக்குப் போனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். யார் வீட்டிலும் போய் உட்கார மனம் இல்லை. அங்கே புடவை சரிப்படாது, நைட்டி வாங்கி வாருங்கள் என்றார் வார்டன். திருப்பதியில் கடை கடையாக ஏறி இறங்கி, முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டிகளாகப் பார்த்து வாங்கினேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமை. டீச்சர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையால் ஜிப்பை இழுத்தார். துணி முழுக்கக் கூடவே மேலே வந்தது.

"பாத்தியா விமலா? கீழ ஒரு கை புடிச்சிக்கினா தான் மேல ஒரு கை இழுக்க முடியும். இத்தன வருஷம் இழுத்தோமே, கவனிச்சோமா?" என்றார். நான் கலங்கிப் போனேன். அவருக்கோ ஒரு புதுப் பூச்சியைப் பிடித்த மாதிரி சந்தோஷம்.

அன்றிலிருந்து அது அவருடைய ஆராய்ச்சி ஆயிற்று. பாவாடை நாடா முடிய இரண்டு கை வேண்டும். எலாஸ்டிக் வைத்தால் ஒன்று போதும். சின்ன பட்டன் விரலை ஏய்க்கும். பெரிய பட்டன் தானே ஓட்டைக்குள் போகும். நைட்டியில் பாக்கெட் கிடையாது. அப்படியானால் மூக்குக்கண்ணாடியை எங்கே வைப்பது? பெண்களுக்கு வைத்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது என்று எந்தப் புண்ணியவான் முடிவு பண்ணினான் என்று கேட்டார். ஜிப்புக்குப் பதிலாக ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டையைத் தையற்காரரிடம் சொல்லித் தைத்து வாங்கிக்கொண்டு போனேன். இல்லத்து ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது டீச்சர் அதைச் சற்றுத் தளர்த்த, பர்ரென்று ஒரு சத்தம். போதகரே கண்ணைத் திறந்துவிட்டார். அத்தோடு அந்தப் பட்டை கழிக்கப்பட்டது.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு கையைப் பற்றியது. இடக்கையை அவர் "வராத கை" என்பார். கூப்பிட்டால் வராதாம். லட்சுமி உடுத்திவிடும்போதெல்லாம் தோள் வலித்தது. ஏன் என்று தினமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஒருநாள் பிடித்துவிட்டார். நான் போனதும் முதல் பேச்சே அதுதான். "வராத கை மொதல்ல உள்ள போவணும். கழட்டும்போது அது கடைசியா வரணும். நல்ல கை எப்பிடியும் வளஞ்சி குடுக்கும்." லட்சுமியை நிற்க வைத்துப் பாடம் நடத்துவதுபோல் செய்து காட்டினார்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "எனக்கு ஒரு ஆம்பள சட்ட வாங்கிக்கினு வரியா?"

முன்பக்கம் முழுக்கத் திறக்கிறது, அரைக்கை, அகலம், பாக்கெட்டும் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு, அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்றாரே, அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சபையில் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம். திருவிருந்துக்கு வெள்ளைப் புடவையும் முக்காடும் இல்லாத பெண்ணை நான் பார்த்ததில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து டீச்சர் கோயிலுக்குப் போகவே இல்லை. நாங்கள் புடவை கட்டிக் கூட்டிப்போகிறோம் என்று எத்தனையோ முறை கெஞ்சியாயிற்று. அவர் பதில் ஒன்றுதான்: "என்ன யாரும் பொம்ம மாரி உடுத்தி ஆண்டவர் முன்னால வெக்க வேணாம். நானே உடுத்திக்கினு வரேன். இல்லன்னா வரல."

விஷயம் சபைக்குத் தெரிந்து மூன்று அம்மாக்கள் இல்லத்துக்கு வந்தார்கள். பெண் ஆணுடை தரிக்கலாமா, வேதத்தில் தடை இருக்கிறதே என்றார்கள். டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் அம்மா கங்காதர நெல்லூரில் கூலிக்குக் கழனி வேலை செய்தவர். அங்கே இன்றும் நாற்று நடும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். வெயிலுக்கும், பயிர் உரசி அரிக்கும் சுணைக்கும் அதுதான் காப்பு.

"கழனில எங்கம்மா போட்டுக்கினா அது வேல சட்ட. கோயில்ல நான் போட்டுக்கினா மட்டும் ஆம்பள சட்டயா?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே பதில் தெரிய வேண்டியிருந்தது. 

அந்த ஞாயிறு லட்சுமியும் நானும் அறைக்கு வெளியே காத்திருந்தோம். உள்ளே கட்டில் கிரீச்சிடும், பெருமூச்சு கேட்கும், ஏதோ கீழே விழும். லட்சுமி இரண்டு முறை எழுந்தாள். நான் பிடித்து உட்கார வைத்தேன். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, எலாஸ்டிக் வைத்த வெள்ளைப் பாவாடை, தலைமேல் ஒரு வெள்ளைத் துண்டு. ஒரு பட்டன் மாறிப் போயிருந்தது. சரிசெய்ய என் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். சக்கர நாற்காலியில் போய், திராட்சரசப் பாத்திரத்தை வலக்கையால் தாமே பிடித்துப் பருகினார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அடுத்த வாரம் அந்த மூவரில் ஒருவர், படுக்கையிலிருக்கும் தன் மாமியாருக்கென்று, சட்டை எந்தக் கடையில் வாங்கினது என்று மெதுவாக என்னிடம் விசாரித்தார்.

நான் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டுப்புடவை கட்டிலோரம் தயாராக இருந்தது. நல்ல புடவை, அன்போடுதான் கொண்டுவந்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன். சட்டை எந்தக் கடை என்று கேட்ட அம்மாவே எழுந்து புடவையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

வலப்பக்கம் நின்றிருந்ததால் நான் வலக்கையைத் தூக்கினேன். லட்சுமி தடுத்தாள்.

"வராத கை மொதல்ல, மேடம்."

இனி இரண்டுமே வராத கைதானே லட்சுமி என்றேன். அவள் இடக்கையை மெல்லத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சருக்கு வலிக்கும்."

நான் மறுபக்கம் போய் நின்று அவளுக்கு உதவினேன். பட்டன்களைச் சரியாகத்தான் போட்டோம். பாக்கெட்டில் அவர் கண்ணாடியை வைத்தோம்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எதையும் எடுத்து வரவில்லை. எனக்கு இரண்டு கையும் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் காலையில் ரவிக்கை போடும்போது என் இடக்கை முதலில் போகிறது, வலக்கை காத்திருக்கிறது.