பின்னால் வருகிறவருக்கு ராக்கெட்

மஸ்கட்டில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வரும்போது எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கி வருவார். இரண்டு பிளாஸ்க், இரண்டு போர்வை, ஒரே நிறத்தில் இரண்டு சேலை, இரண்டு டின் பால்பவுடர். மூத்த அக்கா, அதாவது என் பெரியம்மா, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். இளைய அக்கா, என் அம்மா, ராஜபாளையத்தில். நடுவில் அரை மணி நேர பஸ் பயணம்தான். ஆனால் ஒரு வீட்டுச் சேலையில் பார்டர் அரை விரல் கூடினால் மறு வீட்டில் அது ஒரு வருஷப் பேச்சாகும் என்று மாமாவுக்குத் தெரியும். அதனால் அவர் பெட்டியைத் திறந்தால் கடை பரப்பியதுபோல எல்லாம் ஜோடி ஜோடியாக வெளியே வரும்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மாமா வந்தபோது, ஒரே ஒரு பொருள் மட்டும் ஒற்றையாக வந்தது. அது டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் மெஷின். கூடவே ஒரு கார் பந்தய விளையாட்டு. குட்டிக் குட்டிக் கார்களில் பொம்மை மாதிரி ஆட்கள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய அந்த விளையாட்டு, இன்றைக்கும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது. அன்று எனக்கு அது உலகத்திலேயே நேற்றுத்தான் முளைத்ததாகத் தோன்றியது.

ஒற்றை மெஷின் எந்த வீட்டுக்கு? பெரியம்மா மகனான அண்ணனுக்கு அப்போது பதினாலு வயது. அவன் தனக்கு என்றான். நான் எனக்கு என்றேன். மற்ற நாளாக இருந்தால் சீட்டுப் போட்டிருப்பார்கள். அம்மா பிறந்த வீட்டில் எதையும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். ஜெபம் பண்ணிவிட்டு, பெயர் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, ஒரு பிள்ளையைக் கண்ணை மூடி எடுக்கச் சொல்வார்கள். வந்த பெயர் கர்த்தர் கொடுத்த பெயர், அதற்குமேல் பேச்சில்லை. ஆனால் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் சீட்டு என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை.

காரணம் தாத்தாவின் ஆர்மோனியம். தாத்தா இறந்தபிறகு பெரியம்மா வீட்டில் வைத்து அதற்குச் சீட்டுப் போட்டார்கள். அண்ணன்தான் எடுத்தான். பெரியம்மாவின் பெயர் வந்தது. எங்கள் அம்மா சின்ன வயதிலிருந்தே வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் ஆர்மோனியம் வாசித்தவள். பெரியம்மாவுக்கோ அதில் தூசு தட்ட மட்டும்தான் தெரியும். அதைக்கூட அம்மா பொறுத்திருப்பாள். ஆனால் அண்ணன் பிரித்து நீட்டிய சீட்டின் மூலை மடிந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அக்கா அடையாளத்துக்காக மடித்து வைத்து மகனிடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று அம்மா முடிவு கட்டினாள். அங்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அதை நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அதன்பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவன் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக விழும். அவன் அம்மாவைப் பற்றி மட்டும் யாரும் விசாரிக்கமாட்டார்கள்.

"சீட்டெல்லாம் வேண்டாம். ஓட்டிப் பாருங்க. யாரு கெட்டியோ அவிய வீட்டுக்கு" என்றார் மாமா. மூன்று பந்தயம். முதலாவது எங்கள் வீட்டில், இரண்டாவது பெரியம்மா வீட்டில், மூன்றாவது திரும்ப எங்கள் வீட்டில். மாமா எந்த வீட்டில் தங்குகிறாரோ அங்கே மெஷினும் தங்கும். முதல் வாரம் எங்கள் வீட்டில் தங்கினார்.

அந்த ஒரு வாரத்தில் நான் பல் தேய்த்தேனா என்று எனக்கு நினைவில்லை. எந்த வளைவில் எப்போது சறுக்கித் திருப்ப வேண்டும், எந்த மேட்டில் குதித்தால் குறுக்குவழி என்பதெல்லாம் விரலுக்குப் பழகிவிட்டது. நாங்கள் இரண்டு பேர் போக மீதிப் பத்துக் கார்களை மெஷினே ஓட்டும். அவற்றையெல்லாம் விட்டு நான் பறந்தேன். முதல் பந்தயத்தில் அண்ணன் ஒன்பதாவதாக வந்தான். நான் ஜெயித்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த விளையாட்டில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். வழியில் ஆங்காங்கே பெட்டிகள் மிதக்கும். இடித்தால் உள்ளேயிருந்து ஏதாவது கிடைக்கும். முதலில் போகிற எனக்கு எப்போதும் வாழைப்பழத் தோல்தான் வரும், பின்னால் வருகிறவர் சறுக்கட்டும் என்று போட்டுவிட்டுப் போகலாம். கடைசியில் கிடக்கிறவருக்கோ ராக்கெட் வரும். அது அவரைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரையும் தாண்டும். இன்னொன்று உண்டு, நீல நிற ஆமை ஓடு. அது யாரையும் சீண்டாமல் பறந்து வந்து முதல் ஆளின் தலையில் மட்டும் விழும். பாடுபட்டு முன்னால் போனவளுக்குத் தோல், தூங்கி வழிந்தவனுக்கு ராக்கெட்! இப்படியும் ஒரு நியாயம் உண்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது சனிக்கிழமை மாமா வந்து என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனார். அம்மா வாசல்வரை வந்து, "போனமா வந்தமானு இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். பெரியம்மா பால்கோவாவைக் கிண்ணம் நிறைய வைத்துக் கையில் கொடுத்தார். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எதிராளி வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, எல்லாவற்றிலும் நான்தான் முன்னால். கடைசிச் சுற்றில் முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது எங்கிருந்தோ அந்த நீல ஓடு வந்து என் தலையில் விழுந்தது. என் கார் பம்பரமாகச் சுற்றி நிற்பதற்குள் அண்ணன் ராக்கெட்டில் என்னைத் தாண்டிப் போய்விட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடவும் தெரியும், அதனால் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

"கள்ளாட்டம்! நீங்க எப்பவுமே இப்பிடித்தான்! மூலைய மடிச்சு வச்சு ஆர்மோனியத்த எடுத்தீங்கள்ல, அதே மாதிரிதான்!"

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மாமா கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். அண்ணன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான்.

"யாருட்டி சொன்னா அப்பிடி?" என்று கேட்டார் பெரியம்மா. குரல் உயரவே இல்லை.

"அம்மா ஒண்ணும் சொல்லல" என்றேன். அதைவிடத் தெளிவாக யாரும் காட்டிக்கொடுக்க முடியாது.

"நான் கண்ண மூடிக்கிட்டுத்தானம்மா எடுத்தேன்" என்றான் அண்ணன். அவன் முகம் அழுகிறமாதிரி ஆகிவிட்டது.

ஆர்மோனியம் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தில்தான் தங்கை பேசாமல் இருக்கிறாள் என்று பெரியம்மா இத்தனை நாளும் நினைத்திருந்திருக்கிறார். தன்னைத் திருடி என்று நினைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். அங்கே சர்ச்சில் கொடுத்த தினக்காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கான வசனம் இருக்கும். அன்றைய தாளின் கீழ்மூலை மடிந்திருந்தது.

பெரியம்மாவுக்கு அது தினப்பழக்கம். காலையில் வசனத்தை வாசித்ததும் வாசித்தாயிற்று என்பதற்கு மூலையை மடிப்பார். மறுநாள் அந்தத் தாளைக் கிழித்து, வெற்றுப் பின்பக்கத்தில் பால் கணக்கோ மளிகைச் சாமானோ எழுதிக்கொள்வார். அன்றைக்குச் சீட்டு எழுதவும் அப்படி ஒரு தாளைத்தான் இரண்டாகக் கிழித்திருக்கிறார். மடிந்த மூலை ஒரு பாதியில் போயிற்று. அந்தப் பாதியில் அவர் பெயர் இருந்தது, அவ்வளவுதான் நடந்தது. அப்போது அதை அவர் யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி ஒயர் கூடைக்குள் வைத்தார்.

"ஏலே, வா. ராசபாளையம் போறேன்" என்றார் மாமாவிடம்.

மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மெஷினக் கழட்டுடா. மூணாவது பந்தயத்த இன்னைக்கே வச்சிருவோம்" என்று அண்ணனிடம் சொன்னார்.

பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மா எதை எடுத்து அடிப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பெரியம்மா மடியில் கூடை. அண்ணன் மடியில் மெஷின். மாமாவோ முன் சீட்டுக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். இவருக்கு ஈவிரக்கமே கிடையாதா என்று நினைத்தேன்.

நாங்கள் போனபோது அம்மா தளவாய்புரத்துக் கம்பெனிக்காக நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வா என்று சொல்லவில்லை. பெரியம்மா காலண்டரை எடுத்துத் தைத்த துணிமேல் வைத்து, மடிந்த மூலையை விரலால் தொட்டுக் காட்டினார். "அடுப்படிக்கு வா" என்றார். அது எங்கள் அடுப்படி என்பதை அவர் மறந்துவிட்டதுபோலத்தான் இருந்தது. அம்மா பின்னாலேயே போனாள்.

மாமா டிவியில் மெஷினை மாட்டினார். சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தார். "காது வலிக்கி மாமா" என்றேன். "இந்த ஆட்டத்துக்குச் சத்தம் வேணும்ட்டி, ஓட்டு" என்றார்.

நான் ஓட்டினேன். முதல் சுற்றில் முன்னால்தான் போனேன், வாழைப்பழத் தோல்கூடப் போட்டேன். ஆனால் எவ்வளவு சத்தம் வைத்தாலும் அடுப்படி அங்கேயேதான் இருந்தது. அடி எப்போது விழும் என்று என் காது அங்கேயே கிடந்தது. இடையிடையே துண்டு துண்டாகக் கேட்டது.

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா சண்டையாயிரும்னு இருந்தேன்."

"கேக்காம மட்டும் என்ன ஆச்சு? ரெண்டு வருசம் ஆச்சு."

இரண்டாம் சுற்றில் ஒரு பள்ளத்தில் விழுந்தேன். எழுந்து வருவதற்குள் இன்னொன்றில் விழுந்தேன். அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக ராக்கெட் இல்லாமலே முன்னால் போய்க்கொண்டிருந்தான். நான் பன்னிரண்டாவது.

"ஒனக்கு அதத் தொடவே தெரியாதேக்கா" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது.

"தெரியாதுதான். நீ வந்து வாசிப்பேனு தொடச்சுத் தொடச்சு வச்சிருக்கேன்."

பிறகு அடுப்படியில் சத்தமே இல்லை. அம்மா அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசிச் சுற்றில் கண் மங்கலாகி எதையோ இடித்தேன். அது பெட்டி. உள்ளேயிருந்து ராக்கெட் வந்தது. நான் பொத்தானை அழுத்தியதோடு சரி, மற்றதை அது பார்த்துக்கொண்டது. அத்தனை பேரையும் தாண்டி என்னைக் கொண்டுபோய் அண்ணனுக்குப் பின்னால் இறக்கிவிட்டது. அவன் என் காரைப் பார்த்துப் பதறி ஒதுங்கினான், ஒதுங்கிய இடத்தில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தது. சறுக்கினான். நான் கோட்டைத் தாண்டினேன்.

"அது நான் மொதச் சுத்துல போட்ட தோலு! பிளான் பண்ணிப் போட்டது!" என்று கத்தினேன். அண்ணன்கூட அதை நம்பினான் என்று நினைக்கிறேன். வெகு நாள் நானும் நம்பினேன்.

அடி விழவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு காப்பித் தம்ளரோடு வந்து உட்கார்ந்தார்கள், இருவர் மூக்கும் சிவந்திருந்தது. ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து தருகிறேன் என்று பெரியம்மா சொன்னார். "குலுக்குனது குலுக்குனதுதான். அங்கயே இருக்கட்டும். நான் வாரேன்" என்றாள் அம்மா. அதன்பிறகு ஒரு சனிக்கிழமை அவர்கள் மெஷினுக்காக எங்கள் வீட்டுக்கு வருவார்கள், மறு சனிக்கிழமை நாங்கள் ஆர்மோனியத்துக்காக அங்கே போவோம். எங்களைப் பார்த்தால் அந்தப் பஸ் கண்டக்டர் கேட்காமலே டிக்கெட்டைக் கிழிப்பார்.

மாமா மஸ்கட்டுக்குக் கிளம்புகிற அன்று நான் அவர் பெட்டிமேல் உட்கார்ந்து பூட்ட உதவினேன். அப்போதுதான் வெகுநாளாக உறுத்தியதைக் கேட்டேன்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா வாங்குனீங்கள்ல மாமா, மெஷின் மட்டும் ஏன் ஒண்ணு?"

அவர் பூட்டைத் திருகிக்கொண்டே, "ரெண்டு வாங்கத் துட்டு பத்தலட்டி" என்றார்.

எனக்கு அவரைப் பார்க்க அவ்வளவு பாவமாக இருந்தது. எங்களுக்காக அந்த வெயிலில் உழைக்கிற மனிதனிடம் இரண்டாவது மெஷினுக்குக் காசில்லையே என்று பெட்டியை வாசல்வரை நானே தள்ளிக்கொண்டு போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கண்ணை இறுக மூடி, மாமாவுக்குச் சம்பளம் கூட வேண்டும், அடுத்த முறை இரண்டு மெஷின் வாங்கி வர வேண்டும், ஆளுக்கொன்று இருந்தால் யாரும் யார் வீட்டுக்கும் அலைய வேண்டாம் என்று உருகி உருகி ஜெபம் செய்தேன்.

மறு வருஷம் மாமா வந்தார். இரண்டு மிக்ஸி, இரண்டு போர்வை, பார்டர் பிசகாத இரண்டு சேலை. இரண்டாவது மெஷின் வரவில்லை; அந்தக் கார் பந்தயத்தில் புதிதாக வந்திருந்த ஆட்டம் மட்டும் ஒன்றே ஒன்று. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்கவில்லையே என்று நான் வாரம் முழுக்க வருந்தினேன்.