கிணற்றுக் கணக்குப் பிழைத்த விதம்

சுகந்தி அக்காவின் எண்கள் பிழைக்கவில்லை. கொம்பியூட்டரில் நான் பொருத்திய மெமரிதான் பிழைத்தது. அது தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

கொக்குவிலில், கிணற்று நீரை ஆராயும் சிறிய அலுவலகம். அங்கே வேர்க்ஸ்டேசன் என்று ஒரு பெரிய கொம்பியூட்டர் இருந்தது. ஒரு வீடு கட்டும் விலை. அதற்கு மெமரி போதவில்லை. செய்த கொம்பனியிடமே வாங்க எங்களுக்கு வழியுமில்லை. வேறொரு கொம்பனியின் மெமரி அட்டை, அதே இயந்திரத்துக்குப் பொருந்துவது, கொழும்பில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும் என்று கடிதம் கடிதமாக எழுதிக் கண்டுபிடித்தவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன்... வேறென்ன பெருமை இருந்தது எனக்கு?

கொழும்பில் அதை வாங்கி, காலை ரயிலால் வந்திறங்கி, குளித்துவிட்டுப் போவோம் என்று அட்டையோடு வீட்டுக்குப் போனேன். கிணற்றடியிலிருந்து வருவதற்குள் அம்மா அதற்குச் சந்தனம் வைத்துவிட்டார்.

"புதுச் சாமான். சும்மா கொண்டுபோகக் கூடாது ராசா."

ஈரச் சந்தனம், இயந்திரத்தில் செருகும் பொன்னிறப் பற்களில் வழிந்திருந்தது. சாரத்து நுனியால் துடைத்தேன். அது போதும் என்று நினைத்தேன்... நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா?

அலுவலகத்தில் அட்டையைப் பொருத்தினேன். இயந்திரம் ஓடியது. எங்கள் மேலதிகாரி, சேர், என் தோளில் தட்டினார்.

கிணற்று எண்களை இயந்திரத்தில் தட்டிக் கணக்கெடுக்கும் சுகந்தி அக்கா அங்கே தற்காலிகம். உப்பேறும் கிணறுகளின் அறிக்கையை முடித்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் கிழமை என்னிடம் வந்தார்.

"தம்பி, காலமை வந்த விடை ஒண்டு, பின்னேரம் வாறது வேறை. நான் ஒண்டும் மாத்தேல்லை."

"வடிவாத் தட்டினனீங்களோ அக்கா?"

கேட்கும்போதே எனக்குத் தெரியும். சந்தனம்.

இயந்திரம் நின்றிருந்தால் அன்றே பிடிபட்டிருப்பேன். பிழையைக் கண்டதும் நிறுத்துகிற சிப் அந்த மலிவு அட்டையில் இல்லை. அது பிழையையும் சரியைப் போலவே காட்டியது.

சொல்லியிருக்கலாம். சொன்னால், கொம்பியூட்டருக்குப் பொட்டு வைத்த ஆட்கள் என்று சிரிப்பார்கள். அம்மாவை... இல்லை, என்னை.

"பிள்ளை, தட்டுறதுக்கு முதல் கண்ணைத் திறக்கோணும்," என்றார் சேர் அக்காவிடம், எல்லோருக்கும் கேட்க. அக்கா புத்தூர்க் கிணறுகளின் கணக்கை மூன்று தரம் முதலிலிருந்து தட்டினார். நான் பக்கத்திலிருந்து எண்களை வாசித்துக் கொடுத்தேன். மூன்று தரமும் மூன்று விடை. மாத முடிவில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் அட்டையைக் கழற்றி, அழிறப்பரால் பற்களைத் தேய்த்துத் திரும்பப் பூட்டினேன். அக்கா தட்டிவைத்த அதே எண்களை ஓட்டினேன். எத்தனை தரம் ஓட்டியும் ஒரே விடை. அறிக்கையில் என் பெயரைப் போட்டார்கள். நான் தடுக்கவில்லை.

போன வருடம் நெல்லியடிச் சந்தையில் அவரைக் கண்டேன். டியூசன் கொடுக்கிறாராம். தமிழ் மட்டும்.

"கணக்கு எடுக்கிறேல்லை தம்பி. எனக்குக் கவனம் காணாது. அங்கை வேலை செய்யேக்கைதானே அது விளங்கினது. நீர் நல்ல பிள்ளை எண்டபடியால் பக்கத்திலை இருந்து வாசிச்சுத் தந்தனீர்."

அவர் முகத்தில் கோபமில்லை. தன்னைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்கிறவரின் முகம்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான், "ஓம் அக்கா" என்றேன்.