பூகாவில் வெள்ளை மண்ணை நம்பி மிதிக்காதீர்கள்

எங்கள் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே கல்வராயன் மலை. அதைத் தாண்டி நானும் என் மனைவி அஞ்சலையும் எங்கும் போனதில்லை. மகன் சேகர் லடாக்கில், லே நகரத்துப் பக்கம் சாலை போடும் வேலையில் இருக்கிறான். "நைனா, தண்ணி தானா கொதிக்கிற எடம் ஒண்ணு கீது, வந்து பாருங்க" என்று போன செப்டம்பரில் டிக்கெட் அனுப்பினான். நான் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருஷம்தான். போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

லேயில் மூன்று நாள் படுத்தே கிடந்தோம். அங்கே காற்று கம்மி, இந்த ஓய்வு கட்டாயம். நான்காம் நாள் காலை ஐந்தரைக்குக் கார். சேகரும் கூட வந்தான். போக வர 9,500 ரூபாய். சுமத்தாங் வழியாக 178 கிலோமீட்டர். பூகா பள்ளத்தாக்கில் இறங்கியபோது மணி பத்தே முக்கால்.

வாயைப் பிளந்துவிட்டேன். பல் கிட்டும் குளிர், ஆனால் தரையெல்லாம் ஆவி! ஓரிடத்தில் வெந்நீர் இடுப்பு உயரம் பீய்ச்சி அடித்தது. இன்னோரிடத்தில் சேறு, வெல்லப்பாகு முற்றும்போது கொப்பளிக்குமே, அதேபோல 'பொளக் பொளக்' என்றது. அடுப்பு எங்கே என்று நிஜமாகவே குனிந்து பார்த்தேன்.

அந்தச் சேற்றுக் குட்டையைச் சுற்றி மண் வெள்ளையாகப் பூத்திருந்தது, எங்கள் ஊர் உவர்மண் போலவே. அஞ்சலை உவர்மண் போட்டுத் துணி வெளுத்தவள்.

"ய்யா, ஒரு புடி அள்ளிக்கினு வரட்டா?"

"போயேன். ஒவுரு பூத்த தரை, கல்லாட்டம் இருக்கும்" என்றேன். எங்கள் ஊரில் வெள்ளை பூத்தால் தரை காய்ந்து இறுகிவிட்டது என்று அர்த்தம்.

ஓட்டுநர் இந்தியில் கத்தினார். எனக்குப் புரியவில்லை. அதற்குள் அஞ்சலையின் வலது கால், அப்பளம் உடைவதுபோல் தரையை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அவள் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. என் துண்டை வீசினேன். அவள் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் இழுத்தோம். ஷூவைக் கழற்றி, காலை ஓடையின் குளிர்ந்த தண்ணீரில் வைத்தார் ஓட்டுநர். கணுக்கால் வெந்து சிவந்திருந்தது.

"இங்க வெள்ளையா கீறது வெறும் மூடியாம் நைனா. அடியில கொதிக்குதாம்" என்றான் சேகர்.

"இன்னாயா... கல்லுன்ன?" என்று அழுதாள் அஞ்சலை. இந்தக் கால் போனால் அவள் எப்படி நடப்பாள்?

அன்று மாலை லே ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். தோல் மட்டும்தான் வெந்திருக்கிறது, நடையில் குறை வராது என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

போகிறவர்கள் அவசியம் போங்கள், அப்படியோர் அதிசயம் அது. கனமான ஷூ போடுங்கள். அவளைக் காப்பாற்றியதில் அதுவும் ஒன்று. எச்சரிக்கைப் பலகையில் தமிழ் கிடையாது. அதனால் உள்ளூர்க்காரர் மிதித்த தடத்தில் மட்டும் மிதியுங்கள்.

நாற்பது வருஷமாக நான் போ என்றால் அவள் போவாள். அன்றும் என் வார்த்தையை நம்பித்தான் கால் வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்குக் காரில் திரும்பும்போது, "இனிமே நான் சொன்னாலும், தெரிஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு போ" என்றேன்.

கட்டுப் போட்ட காலை என் மடிமேல் நீட்டிக்கொண்டு, "மொதல்ல நீ கேளு" என்றாள்.